போரானிக் எஸ்டர்: துண்டு போட்டு வைத்த இருக்கை

போரான் என்ற பெயரைக் கேட்டதும் இரண்டு வகையான பேச்சு வரும். ஒரு கட்சி, "கேரம் போர்டில் தூவுகிற பவுடர்தானே, அதற்கு எதற்குக் கையுறை?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "கரிம போரானா? காற்று பட்டாலே பற்றிக்கொள்ளுமே!" என்று பின்வாங்கும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் வேறு பொருள்களைப் பற்றியவை. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் இன்று தினமும் எடை போடப்படும் போரானிக் எஸ்டருக்கு இரண்டுமே பொருந்தாது. முதுகலை வேதியியல் மாணவர்களும், மருந்துக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தோடுதான் முதல் பாட்டிலைத் திறக்கிறார்கள். அதனால் அடியிலிருந்தே பார்த்துவிடுவோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு சேர்மத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: ஃபீனைல்போரானிக் அமிலத்தின் பினக்கால் எஸ்டர். பெயர்தான் நீளம்: ஃபீனைல் என்பது பென்சீன் வளையம், மற்றவை போகப்போக விளங்கும். இந்தக் குடும்பத்தில் இதைவிடச் சாதுவான, இதைவிடப் புழக்கத்தில் உள்ள உறுப்பினரைக் காட்டுவது கடினம்.

ஒரே தனிமம், ஒட்டாத சொந்தங்கள்

இந்தச் சேர்மங்களில் போரான் அணுவை மூன்று அணுக்கள் சூழ்ந்திருக்கும். அந்த மூன்றும் யார் என்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றும் ஆக்சிஜன், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹைட்ரஜன் என்றால் அது போரிக் அமிலம். கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். கோதுமை மாவு, சர்க்கரையோடு பிசைந்து கரப்பான் பூச்சிக்கு உருண்டை வைப்பதும் இதைத்தான். நகைப் பட்டறையில் பற்றவைக்கும்போது தூவும் வெங்காரம் இதன் சோடியம் உப்பு வகை. இவற்றில் உள்ள போரான் இதற்கு மேல் ஆக்சிஜனேற்றம் அடைய வழியில்லை, அதனால்தான் எரியாது.

மூன்றும் கார்பன் என்றால் நேர் எதிர். ட்ரைஎத்தில்போரேன் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். பின்வாங்குகிற கட்சி மனதில் வைத்திருப்பது இதைத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை நம் ஆட்கள். போரானில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் (அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள்) இருந்தால் அது போரானிக் அமிலம். இந்த வகையில் முதல் சேர்மத்தை 1860-ல் ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் தயாரித்தார். இந்த அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து, நீர் வெளியேறி உருவாவது போரானிக் எஸ்டர். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் இப்போது ஆல்கஹாலின் கார்பன் இருக்கும்.

இன்னொரு சொந்தக்காரரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தேர்வில் பலர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு செய்தபோது, போரேட் உப்போடு எத்தனாலும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துப் பற்றவைத்தால் சுடரின் விளிம்பு பச்சையாக எரியும், நினைவிருக்கிறதா? அங்கே எரிவது எத்தில் போரேட். அதுவும் எஸ்டர்தான், ஆனால் போரிக் அமிலத்தின் எஸ்டர். அதில் போரானுக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு கிடையாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கார்பன்-போரான் பிணைப்பு ஒன்றே ஒன்று, மீதி இரண்டு பக்கமும் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜன்களின் மறுபக்கம் கார்பன். இப்படி இருந்தால் போரானிக் எஸ்டர். அந்த ஒற்றைக் கார்பன்-போரான் பிணைப்புக்காகத்தான் இதற்கு இத்தனை மரியாதை.

காலி இருக்கை

போரான் ஐந்தாவது தனிமம். பிணைப்புக்குக் கொடுக்க அதனிடம் மூன்று எலக்ட்ரான்கள்தான் உண்டு. மூன்று பிணைப்பு போட்டால் அதைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள் சேரும். நிறைவுக்கு எட்டு வேண்டும். இரண்டு குறைகிறது. அந்த இரண்டுக்கான இடம் போரானில் காலியாகவே இருக்கிறது. எலக்ட்ரான் தங்கக்கூடிய இப்படிப்பட்ட இடத்துக்கு ஆர்பிட்டால் என்று பெயர். காலி ஆர்பிட்டாலில் வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரான் ஜோடியை ஏற்றுக்கொள்ளும் பொருளை லூயி அமிலம் என்பார்கள். போரான் சேர்மங்களின் வேதியியலில் முக்கால்வாசி இந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

டவுன் பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை என்றால், முதலில் ஏறுகிறவர் உட்கார்ந்துவிடுவார். ட்ரைஎத்தில்போரேனின் நிலை அதுதான்: காற்றில் உள்ள ஆக்சிஜனே வந்து உட்கார்ந்து தகராறைத் தொடங்கிவிடும். அதே சீட்டில் ஜன்னல் வழியாக யாரோ ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தால்? சீட் காலிதான், ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். போரானிக் எஸ்டரில் அந்தத் துண்டைப் போடுவது இரண்டு பக்கத்து ஆக்சிஜன்கள். அவற்றிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன. அவற்றைப் போரானின் காலி இடத்தின் பக்கம் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கும். காற்று, சாதாரண கரைப்பான்கள், மெல்லிய அமிலங்கள் எல்லாம் இதைப் பார்த்தே ஒதுங்கிவிடும். ஆனால் துண்டு என்பது துண்டுதான். ஹைட்ராக்சைடு போலத் துணிச்சலான ஒருவர் ஏறினால், துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

உவமை ஓர் இடத்தில் நொண்டும். பஸ்ஸில் துண்டு வெறும் அடையாளம். இங்கே ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் உண்மையிலேயே ஓரளவுக்குப் பகிரப்படுகின்றன. அதனால் போரானின் எலக்ட்ரான் பசி நிஜமாகவே குறைகிறது.

இனி பினக்கால் எதற்கு? பினக்கால் என்பது அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட ஆல்கஹால். இப்படி இரண்டு ஹைட்ராக்சில் உள்ள ஆல்கஹாலுக்கு டையால் என்று பெயர். இரண்டு முனையாலும் ஒரே போரானைப் பிடிப்பதால் ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உருவாகிறது. ஒரு முனை அவிழ்ந்தாலும் மறுமுனை பிடித்துக்கொண்டிருப்பதால், அவிழ்ந்த முனை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு பினக்காலில் நான்கு மெத்தில் தொகுதிகள் (ஒவ்வொன்றும் ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) வளையத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்து எஸ்டரை உடைப்பதை நீராற்பகுப்பு என்கிறோம். இந்த நெருக்கடியில் அது மெதுவாகத்தான் நடக்கும். எத்திலீன் கிளைக்காலை வைத்துச் செய்த எஸ்டரில் இந்தக் காவல் இல்லை. ஈரம் பட்டால் சீக்கிரம் பிரிந்துவிடும்.

ஆக, போரானிக் எஸ்டர் மந்தமான பொருள் அல்ல. அடக்கி வைக்கப்பட்ட பொருள். காரம் கூப்பிட்டால் எழுந்துவிடும்.

பாட்டிலுக்குள்

நாம் எடுத்துக்கொண்ட எஸ்டர் வெள்ளைத் திண்மம். உருகுநிலை ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணைக் கவனியுங்கள். ஏசி இல்லாத அறையில், சென்னை மே மாதத்தில் இது திண்மமாக இருக்க நியாயமே இல்லை. பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஏதோ நிற்கிறது, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம். குளிரவைத்தால் மறுபடி உறையும். கரிமக் கரைப்பான்களில் நன்றாகக் கரையும், நீரில் அவ்வளவாகக் கரையாது. மூலக்கூறு எடை 204.

இதன் தாய் அமிலமான ஃபீனைல்போரானிக் அமிலம் இன்னும் மலிவு, மூலக்கூறு எடையும் 122 தான். பிறகு ஏன் மெனக்கெட்டு எஸ்டராக மாற்ற வேண்டும்? காரணம் தராசில் இருக்கிறது. போரானிக் அமிலங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து, மூன்று நீரை வெளியே தள்ளிவிட்டு, போராக்சின் என்ற வளையமாக மாறிவிடும். பாட்டிலில் எவ்வளவு அமிலம், எவ்வளவு போராக்சின் என்பது நாளுக்கு நாள் மாறும். முழுக்கப் போராக்சினாகிவிட்டால் ஒரு ஃபீனைலுக்கான எடை 104 தான். அப்போது 10 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று நினைத்து 1.22 கிராம் எடுத்தால், உண்மையில் 11.7 மில்லிமோலுக்கு மேல் வந்திருக்கும். 17 சதவீதப் பிழை! சின்ன அளவில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நூறு கிலோ தொகுப்பில் அது பணம், அதைவிட மோசமாக, பிரித்தெடுக்க வேண்டிய மாசு. எஸ்டரில் இந்தப் பிரச்சினை இல்லை. 2.04 கிராம் எடுத்தால் 10 மில்லிமோல், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நூறு கிராம் எஸ்டர் வாங்கினால் அதில் நமக்கு வேண்டிய ஃபீனைல் தொகுதி சுமார் 38 கிராம். மீதி எல்லாம் போரானும் பினக்கால் பகுதியும். வினை முடிந்ததும் கழிவு. பினக்கால் எஸ்டரைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது என் குறை. அமிலமே நிலையாக இருக்கும் இடத்தில், அளவைச் சரிபார்க்க ஓர் என்.எம்.ஆர். (காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் சோதனை) எடுத்துவிட்டு அமிலத்தையே போடலாம்.

எதற்கு இதெல்லாம்: சுசுகி வினை

இரண்டு கார்பன்களை நினைத்த இடத்தில் ஒட்டுவது கரிம வேதியியலின் பழைய தலைவலி. 1979-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும் பலேடியம் வினையூக்கியை வைத்து ஒரு வழி கண்டார்கள். வினையூக்கி என்றால் வினையை வேகப்படுத்திவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் திரும்பி வருவது. சுசுகி அதற்கு முன்பு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் பிரவுனிடம் போரான் வேதியியல் பழகியவர். அந்தப் பிரவுனுக்கு நோபல் கிடைத்ததும் 1979-ல்தான். சுசுகிக்கு 2010-ல் கிடைத்தது, ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி இருவரோடும் சேர்த்து. இந்த வினைக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. இது இவ்வளவு வேகமாகப் பரவியதில் அதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது இது. ஒரு பக்கம் புரோமின் ஒட்டிய கார்பன் சேர்மம், மறுபக்கம் நம் போரானிக் எஸ்டர். பலேடியம் அணு முதலில் கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் புகுந்துகொள்கிறது. இதற்கிடையில் பொட்டாசியம் கார்பனேட் போன்ற ஒரு காரம் வேலையைத் தொடங்குகிறது. அது தரும் ஹைட்ராக்சைடு போரானின் காலி இடத்தில் உட்காரும்போது போரானுக்கு நான்கு பிணைப்பு ஆகிவிடுகிறது, எதிர்மின் சுமையும் ஏறுகிறது. இப்போது போரானுக்குத் தன் கார்பனைப் பிடித்து வைத்திருக்க அவ்வளவு ஆர்வம் இல்லை. ஃபீனைல் தொகுதி பலேடியத்துக்குக் கைமாறுகிறது. பலேடியத்தின் மேல் இப்போது இரண்டு கார்பன் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து கழன்றுகொள்ள, பலேடியம் அடுத்த சுற்றுக்குத் தயார். காரம் சேர்க்க மறந்தால் வினை ஏன் பெரும்பாலும் நகராது என்பதற்கும் இதுதான் விடை: துண்டு போட்ட சீட்டில் உட்கார ஆளே வரவில்லை.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லோசார்டன் மாத்திரையைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் நேரடியாக ஒட்டியிருக்கும். அந்த ஒட்டைப் போடும் தொழிற்சாலை வழிகளில் ஒன்று சுசுகி வினை (அங்கே பயன்பட்டது போரானிக் அமிலம்). பயிர்களுக்கு அடிக்கும் பாஸ்காலிட் என்ற பூஞ்சைக்கொல்லியும் டன் கணக்கில் இதே வழியில் தயாராகிறது. ஒளி உமிழும் பாலிமர்களைச் செய்யவும் இரு முனையிலும் போரானிக் எஸ்டர் உள்ள துண்டுகளைக் கோக்கிறார்கள்.

எஸ்டரைச் செய்வதும் பெரிய வித்தையில்லை. போரானிக் அமிலத்தையும் பினக்காலையும் ஈதரில் கலக்கி, நீரை உறிஞ்ச மெக்னீசியம் சல்பேட் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் போதும். அமிலமே கையில் இல்லை என்றால், 1995-ல் மியாவுரா குழு காட்டிய வழி இருக்கிறது: இரண்டு போரான்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பினக்கால் மூடி கொண்ட சேர்மத்தை எடுத்து, பலேடியம் உதவியோடு புரோமின் இருக்கும் இடத்தில் நேராக எஸ்டரைப் பொருத்திவிடலாம்.

சுருக்கமாக, எஸ்டர் என்பது கார்பன் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, காரமும் பலேடியமும் வந்ததும் ஒப்படைக்கும் ஏற்பாடு.

சர்க்கரையைப் பிடிப்பதும் இதே குணம்தான்

போரானிக் அமிலத்துக்கு டையால் கிடைத்தால் எஸ்டராகும் என்று பார்த்தோம். சர்க்கரை மூலக்கூறுகள் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள்தான். அதனால் அவற்றோடும் போரானிக் அமிலம் எஸ்டராகும், நீரிலேயே ஆகும், திரும்பப் பிரியவும் செய்யும். மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லி எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனையை அறியாதவர் இன்று குறைவு. அதை அளக்கும் முறைகளில் ஒன்றில், போரானிக் அமிலம் ஒட்டிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக ரத்த மாதிரியை ஓடவிடுவார்கள். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் மட்டும் எஸ்டராகித் தங்கிவிடும், மற்றது ஓடிவிடும். தோலுக்கு அடியில் பதிக்கும் எவர்சென்ஸ் என்ற குளுக்கோஸ் உணரியும் போரானிக் அமிலம் கொண்ட, ஒளிரும் பாலிமரை வைத்துத்தான் வேலை செய்கிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு வந்தால் கதை வேறு. அது காலி இடத்தில் உட்கார்ந்ததும், கார்பன் தொகுதி போரானை விட்டுப் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவிவிடும். கார்பன்-போரான் பிணைப்பு போய், கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு வந்துவிடும். இதைத் திருப்ப முடியாது. செல்லுக்குள் பெராக்சைடு எங்கே உருவாகிறது என்று பார்க்கும் சாயங்கள் இந்த வினையை நம்பியிருக்கின்றன: போரானிக் எஸ்டர் இருக்கும்வரை சாயம் மங்கலாக இருக்கும், அது ஹைட்ராக்சிலாக மாறியதும் ஒளிரும்.

மருந்துகளிலும் போரான் நேரடியாகவே இருக்கிறது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டெசோமிப் ஒரு போரானிக் அமிலம். செல்லில் பழைய புரதங்களை வெட்டும் புரோட்டியாசோம் என்ற அமைப்பில், வெட்டும் வேலை செய்யும் ஆக்சிஜன் இந்தப் போரானின் காலி இடத்தில் மாட்டிக்கொள்கிறது, வெட்டு நின்றுவிடுகிறது. ஆனால் ஊசி மருந்துக் குப்பியில் அது வெறும் அமிலமாக வருவதில்லை. மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலோடு சேர்த்து உறையவைத்து உலர்த்தி, எஸ்டராக வைத்திருப்பார்கள். உப்புநீர் சேர்த்ததும் அமிலம் வெளிவரும். 2015-ல் வந்த இக்சசோமிப் காப்ஸ்யூலிலும் இதே உத்தி. அங்கே சிட்ரிக் அமிலத்தோடு எஸ்டர், உடம்பில் நீர் பட்டதும் பிரிந்துவிடும். இரண்டிலும் வேலை செய்வது அமிலம், அலமாரியில் தாக்குப்பிடிப்பது எஸ்டர்.

கையாளும்போது

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். நம் எஸ்டர் தானாகத் தீப்பிடிக்காது, வெடிக்காது, மூடியைத் திறந்ததும் புகையாது. காற்றில் எடை போடலாம். பினக்கால்போரேன் என்ற, பெயரில் ஒத்த சேர்மத்தோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் போரானில் ஹைட்ரஜன் இருக்கிறது, நீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு வரும்.

அடக்கமாக இருக்கிறது என்பதற்காகத் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வதுதான் ஆய்வகங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பல போரானிக் அமிலங்கள் ஏம்ஸ் சோதனையில், அதாவது பாக்டீரியாவில் மரபணு மாற்றம் ஏற்படுத்துகிறதா என்று பார்க்கும் சோதனையில், ஆம் என்று பதில் தந்திருக்கின்றன. அதனால் மாத்திரை ஆகப்போகும் பொருளில் மிச்சமிருக்கும் போரான் சேர்மங்களை மருந்துக் கம்பெனிகள் மில்லியனில் சில பங்கு அளவில் தேடித் துரத்துகின்றன. எஸ்டர் உடலின் ஈரத்தில் அமிலமாக மாறக்கூடியதுதான். ஆகவே நைட்ரைல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஃப்யூம் ஹூட் (ஆவியை வெளியே இழுத்துவிடும் கூண்டு) மூன்றும் வேண்டும். தூளைப் பறக்கவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வளையத்தில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும்; அதனால் ஒரு எஸ்டரின் எம்எஸ்டிஎஸ் (பாதுகாப்புத் தகவல் தாள்) படித்துவிட்டு இன்னொன்றுக்கும் அதுவே போதும் என்று இருக்கக் கூடாது.

உண்மையில், சுசுகி வினை செய்யும் அன்று மேசையில் இருப்பவற்றில் எஸ்டர்தான் சாது. டையாக்சேன், டி.எச்.எஃப். போன்ற கரைப்பான்கள் எளிதில் தீப்பிடிக்கும், பழசானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளையும் சேர்த்து வைத்திருக்கும். கவலைப்பட வேண்டிய இடம் அது.

சேமிப்பில் எதிரி ஈரம். பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில், முடிந்தால் நைட்ரஜன் நிரப்பி வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தவர்களே செய்யும் பிழை ஒன்று உண்டு: பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறப்பது. கடலோர ஊர்களின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தூளின் மேல் உடனே வியர்த்துப் படியும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பாட்டிலில் எஸ்டரோடு கொஞ்சம் கொஞ்சமாக அமிலமும் சேரலாம். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் மேசையில் வைத்து, வெளிப்பக்கம் வியர்ப்பது நின்ற பிறகு திறக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட எஸ்டருக்கு இன்னொரு வசதி: பாட்டில் அறை வெப்பத்துக்கு வருவதற்குள் உருகியிருந்தால் சிரிஞ்சாலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் தூய்மைப்படுத்தும்போது எஸ்டரில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வராமல் போகலாம். விளைச்சல் குறைந்தால் வினையைத் திட்டுவதற்கு முன் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. போரான் பயிருக்கு நுண்ணூட்டம்தான், ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. கரிமக் கழிவுக்கான கேனில் பெயர் எழுதி ஒட்டிச் சேர்க்க வேண்டும். எஸ்டரை ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்த வினைக் கலவையாக இருந்தால், மிச்ச பெராக்சைடைச் சோடியம் தயோசல்பேட் போட்டு மெதுவாக, குளிரவைத்தபடி அழித்துவிட்டு, பெராக்சைடு பட்டையால் சோதித்த பிறகே கேனில் ஊற்றுங்கள். இல்லையென்றால் மூடிய கேனுக்குள் ஆக்சிஜன் கிளம்பிக்கொண்டே இருக்கும், சனி ஞாயிறு பூட்டிக்கிடக்கும் ஆய்வகத்தில் கேன் உப்பும்.